புறாக்கழுத்து நிறத் தோடு

ஆஸிகாவின் காதுகள் எந்த நகையையும் ஏற்றுக்கொண்டதில்லை. மடவளையில் குழந்தையாக இருந்தபோது, காது குத்திய சில நாட்களிலேயே இரண்டு மடல்களும் சிவந்து வீங்கி நீர் வடியத் தொடங்கின. உம்மா தோட்டைக் கழற்றி எண்ணெய் தடவினார். ஆறியதும் வெள்ளி போட்டுப் பார்த்தார், மறுபடியும் புண். பிறகு தங்கம். அதுவும் சரிப்படவில்லை. கல்யாணத்தன்று மாமியார் ஆசையாகப் போட்டுவிட்ட தொங்கட்டானை மறுநாள் காலை பஞ்சும் வெந்நீரும் வைத்துத்தான் கழற்ற முடிந்தது. "பொன்னையே ஒதுக்குற காது" என்றார் மாமியார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் ஆஸிகா அதை மறக்கவில்லை.

பேராதனையில் ஒரு தோல் வைத்தியரிடம் காட்டியபோது, நிக்கல் என்ற உலோகம் அவளுக்கு ஆகாது என்று தெரியவந்தது. அது பல நகைகளில் கொஞ்சமாவது கலந்திருக்குமாம். அன்றிலிருந்து காதுத் துளைகள் தூர்ந்து போகாமல் இருக்க ஈர்க்குத் துண்டைச் செருகிக்கொண்டு, மேலே முந்தானையைப் போட்டு மறைத்துக்கொண்டு திரிந்தாள்.

அவளுடைய கணவர் ஷப்ராஸ் கட்டுகஸ்தோட்டையில் போன் திருத்தும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. மெல்பர்னில் இருந்த ஆஸிகாவின் சாச்சி மகள் அம்னாவுக்கும் இதே காது வியாதி. ஒரு வருடம் அவள் ஊருக்கு வந்தபோது சிறிய சாம்பல் நிறத் தோடு ஒரு சோடி கொண்டுவந்து கொடுத்தாள். இரும்புக் கம்பியை வளைத்தது போலிருந்தது. ஆஸிகா அதைப் போட்டுக்கொண்டு பயத்தோடு காத்திருந்தாள். ஒரு கிழமை போயிற்று. ஒரு மாதமும் போயிற்று. காது அமைதியாகவே இருந்தது. தோட்டோடு ஒருக்களித்துப் படுத்துத் தூங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"இதுக்குப் பேர் நையோபியம்" என்றாள் அம்னா. "துரு பிடிக்காது, உப்புத் தண்ணியோ வியர்வையோ ஒண்ணும் செய்யாது. உடம்பும் இதை அந்நியமா நினைக்காது. ஸ்கேன் மெஷினுக்குள்ள ஈக்கிற காந்தத்துக்குச் சுத்துற கம்பியே இதைக் கலந்ததுதான். ராக்கெட்டுக்குப் பின்னால நெருப்புக் கக்குற வாய் ஈக்குதே, அதையும் இதைக் கலந்து செய்றாங்க. பாலத்து இரும்புக்குள்ள ஒரு சிட்டிகை போட்டாப் போதும், இரும்பு பலமாயிடும்."

"காதுக்கும் ராக்கெட்டுக்கும் ஒரே சாமானா?" என்று ஆஸிகா சிரித்தாள்.

"தரம்தான் வேற. அணு உலைக்குப் போறது ரொம்பச் சுத்தமானது. சாதாரணத் தொழிலுக்குப் போறது அதைவிடக் கொஞ்சம் குறைவு. ரெண்டுலயும் சிர்க்கோனியம் சேர்த்த வகை தனியா வரும், அது விறைப்பா நிக்கும். காதுக்குத் தொழில் தரத்துச் சுத்தக் கம்பியே போதும். ஆனா விக்கிறவங்க எல்லாரும் உண்மை சொல்ல மாட்டாங்க. பார்த்து வாங்கு."

அப்படித்தான் ஆஸிகாவின் தொழில் தொடங்கியது. கம்பியும் மெல்லிய தகடும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாள். ஒவ்வொரு கட்டு வந்ததும் முதல் தோட்டைத் தன் காதிலேயே போட்டுப் பார்ப்பாள். ஒருமுறை மலிவாகக் கிடைத்த கம்பியில் செய்ததைப் போட்ட அன்று மாலையே காது அரிக்கத் தொடங்கியது. கட்டு முழுவதையும் குப்பையில் போட்டாள். அவள் காதை விடச் சரியான பரிசோதனைக்கூடம் கண்டியில் இல்லை என்பது ஷப்ராஸின் கேலி.

நிறம் ஏற்றுவதுதான் அந்த வேலையில் விசித்திரமான பகுதி. போன் திருத்த வைத்திருந்த மின்பெட்டிகளில் சிலவற்றை ஷப்ராஸ் ஒன்றோடொன்று கோர்த்துக் கொடுத்திருந்தார். கண்ணாடிப் பாத்திரத்தில் சோடா கரைத்த தண்ணீர். இரப்பர்க் கையுறை போட்டுக்கொண்டு, தோட்டைக் கம்பியில் தொங்கவிட்டு மின்சாரத்தைக் கொடுத்தால், அவள் கண்ணெதிரே சாம்பல் உலோகம் தவிட்டு நிறமாகும். வோல்டைக் கூட்டினால் ஊதா, பிறகு நீலம், பிறகு வெளுத்த வானம், பொன் மஞ்சள், ரோசா. சாயம் என்று ஒரு துளி கிடையாது.

"அதுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு தோல் வளருது" என்று ஷப்ராஸ் விளக்கியிருந்தார். "தோல் எவ்வளவு தடிப்போ அதுக்கு ஏத்த வெளிச்சம் திரும்பி வருது. நீ பாக்குற நிறம் அங்க இல்ல."

இல்லாத ஒன்று கண்ணுக்குத் தெரிவது ஆஸிகாவுக்கு எப்போதுமே சற்று அச்சமாகத்தான் இருந்தது. பாத்திரத்தின் மேல் குனியும்போது வாய்க்குள் பிஸ்மி சொல்லிக்கொள்வாள்.

ஒரு நாள் தெருவில் மின்சாரம் ஏறி இறங்கித் தள்ளாடியது. அப்போது பாத்திரத்துக்குள் ஒரு சோடி இருந்தது. வெளியே எடுத்தபோது நடுவில் ஊதாவும் ஓரத்தில் பச்சையும், அசைத்தால் ஒன்று மற்றதற்குள் வழுக்கி ஓடுவதுமாக, புறாவின் கழுத்தைப் போல இருந்தது. மறுபடி எத்தனையோ தடவை முயன்றும் அந்த நிறம் வரவில்லை.

அந்தச் சோடியை எடுத்துக்கொண்டவள் சுதர்சினி. கண்டி டவுனில் துணிக்கடையில் வேலை செய்த பெண். ஊர் தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அவளும் காதில் ஈர்க்கோடுதான் வந்தாள். தட்டிலிருந்த தோடுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதில் விரலை வைத்தாள்.

"அக்கா, இது ஒரு பக்கம் பாத்தா ஒண்ணு, இன்னொரு பக்கம் பாத்தா வேற ஒண்ணு. என்னைய மாதிரியே இருக்கு."

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சில தடவை கடைப் பக்கம் போகும்போது கையசைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவ்வளவுதான் பழக்கம்.

கார்த்திகையில் அந்தப் பெருமழை வந்தது. கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கரை ஏறி வந்து கடைகளுக்குள் நின்றது. மலைப் பக்கத்தில் பாதைகள் உடைந்தன, போன்கள் செத்தன. எங்கெங்கே மண் சரிந்தது, எத்தனை பேர் என்ற செய்தி நாள் கணக்கில் துண்டு துண்டாகத்தான் வந்தது.

வெள்ளம் வடிந்து, கடைக்குள் படிந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், முழங்கால் வரை செம்மண் அப்பிய ஓர் இளைஞன் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நான் கணேஸ். சுதர்சினியோட அண்ணன். துணிக்கடையில வேல செஞ்ச புள்ள, ஒங்ககிட்ட தோடு வாங்குனாளே."

"தெரியும். உள்ளுக்கு வாங்க தம்பி."

அவன் உள்ளே வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துக் கடைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். அதற்குள் மண்ணாங்கட்டி போல ஏதோ ஒன்று.

"எங்க லயத்து வீடுகளுக்கு மேல இருந்த மலை அப்படியே எறங்கிருச்சுக்கா. நானும் அம்மாவும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துல இருந்ததால தப்பிச்சோம். சுதா வீட்டுல இருந்தா. நேத்துத்தான் ஒரு பொம்பளப் புள்ளய எடுத்தாங்க. மொகம்..." அவன் நிறுத்திக்கொண்டான். "பாக்குற மாதிரி இல்ல. ஒரு காதுல இது இருந்துச்சு. இது அவளோடதுதானான்னு நீங்கதான் சொல்லணும்."

"மத்தக் காதுல?"

"அந்தக் காதுல ஒண்ணும் போடலக்கா."

ஆஸிகா குழாயைத் திறந்து அதை உள்ளங்கையில் வைத்துக் கழுவினாள். சிவந்த மண் விரலிடுக்கில் வழிந்தோடியது. அடியிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஊதா எழுந்தது. பிறகு பச்சை. வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே. மண்ணுக்குள் கிடந்த நாட்கள் அதைத் தொடவேயில்லை. ஒரு சிறு கீறல் மட்டும்.

"நான் செஞ்சதுதான்" என்றாள். "சுதர்சினிக்குக் குடுத்ததுதான். இந்த நிறத்துல வேற சோடி இல்ல."

கணேஸ் தலையாட்டினான். "போதும்க்கா. பொதைக்கிறதுக்காவது கெடச்சாளே. பக்கத்து வீட்டு மேனகாவ இன்னும் எடுக்கல. அவ அம்மா வேலாயி தெனமும் மம்பட்டியத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போவுது. ஆமிக்காரங்க போயிட்டாங்க. அது மட்டும் தனியா தோண்டுது."

ஆஸிகா தான் சொன்னதையே கிராம உத்தியோகத்தரிடமும் போனில் ஒருமுறை சொன்னாள். அடுத்த நாள் சுதர்சினியை அடக்கம் செய்துவிட்டார்கள். தோட்டை மறுபடி அந்தக் காதிலேயே போட்டுப் புதைத்தார்களாம்.

அதன் பிறகு அந்த நிறம் ஆஸிகாவை விடவில்லை. மழை ஈரத்தில் ஓட்டோக்கள் சிந்திய எண்ணெயில் அது மிதந்தது. கோப்பை கழுவும்போது சவர்க்கார நுரையில் ஒரு கணம் உருண்டு உடைந்தது. சன்னலில் செத்துக் கிடந்த ஈயின் சிறகில் இருந்தது. எல்லாமே மெல்லிய தோலில் வெளிச்சம் செய்கிற வித்தைதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கண்களை விலக்கிக்கொள்வாள்.

கணேஸ் இடைக்கிடை போன் எடுப்பான். பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள்; அங்கே அம்மாவை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"பொழுது எறங்குற நேரம் சுதா வர்றான்னு சொல்லுதுக்கா. கிளாஸ் ரூமுக்கு வெளிய படியில வந்து உக்காந்து தலை சீவுறாளாம். பேச மாட்டாளாம். முடி மூஞ்ச மறைச்சிருக்குமாம். அம்மா ஒரு கோப்பத் தேத்தண்ணி கொண்டுபோய் வைக்குது. காலையில அது அப்படியே ஆறிக் கெடக்குது."

"மனசு ஆறணும் தம்பி. விடுங்க" என்றாள் ஆஸிகா. வேறென்ன சொல்ல?

தையும் மாசியும் போயின. ஒரு மதியம், லுஹர் தொழுதுவிட்டுச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத இலக்கம். பெண் குரல்.

"அக்கா, ஒத்தத் தோடு மட்டும் செஞ்சு குடுப்பீங்களா? சோடி வேணாம்."

"செய்யலாம். என்ன கலர்?"

"போட்டோ அனுப்பியிருக்கேன். பாருங்க."

ஆஸிகா படத்தைத் திறந்தாள். ஒரு உள்ளங்கை. நடுவில் ஒற்றைத் தோடு. ஊதாவும் பச்சையும். அதில் கீறல் எதுவும் இல்லை.

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது.

"இது உங்களுக்கு எங்க கெடச்சது?"

அந்தப் பக்கம் பாண் ரொட்டி விற்கிற வண்டியின் பாட்டு தூரத்தில் கேட்டு, நெருங்கி, தேய்ந்து போனது.

"அக்கா... நீங்கதானே குடுத்தீங்க."

ஆஸிகா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். வாய் தானாக ஓதத் தொடங்கியது.

"பயப்படாதீங்கக்கா. நான் சுதாதான். உசுரோடதான் இருக்கேன். வத்தளையில." குரல் அழத் தொடங்கியது. "சுதேசுன்னு ஒருத்தரோட போயிட்டேன். வீட்டுல ஒத்துக்கல. அவன்கூடப் போனா எங்களுக்கு நீ செத்தவன்னு அண்ணன் முன்னாடியே சொல்லியிருந்துச்சு. மழை புடிச்ச அன்னைக்குக் காலையிலதான் கெளம்பினேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. ரோடெல்லாம் ஒடஞ்சு, போனும் இல்ல. லைன் வந்ததும் போன்ல மொதல்ல பாத்தது என்னோட போட்டோவத்தான். மால போட்டு, வெளக்கு ஏத்தி, கீழ என் பேரு. அத பாத்ததும் ஒடம்பெல்லாம் வெறச்சுப் போச்சு. அண்ணன் சொன்ன மாதிரியே ஆயிருச்சுல்ல. அப்படியே செத்தவளாவே இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன்."

"மத்தத் தோடு?" என்று கேட்டாள் ஆஸிகா. "மத்தத் தோடு எங்க புள்ள?"

"அது மேனகாகிட்ட. அவளுக்கு மட்டுந்தான் நான் போறது தெரியும். கெளம்புறப்ப நானே அவ காதுல போட்டுவிட்டேன். ஒனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு, திரும்பி வர்றப்ப சேத்துக்கலாம்னு. அவளும் போயிட்டான்னு கேள்விப்பட்டேன். தோடும் மண்ணோட போயிருக்கும்."

ஆஸிகா சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. மண்ணிலிருந்து எடுத்தது, தான் கழுவியது, தான் சொன்ன வார்த்தை, அதை நம்பி அவர்கள் புதைத்தது, வேலாயி இன்னும் மலையில் தோண்டுவது, எல்லாம்.

"அப்ப என் குழியில..." என்றாள் சுதர்சினி. அதோடு இணைப்பு அறுந்தது.

ஷப்ராஸ் சாப்பிட வந்தபோது சோறு கரிந்திருந்தது. ஆஸிகா நடந்ததைச் சொல்லிப் போனை நீட்டினாள். அவர் அந்த இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அனுப்பிய படமும் அழிக்கப்பட்டிருந்தது. அது இருந்த இடத்தில் அழிக்கப்பட்டது என்ற ஒரு வரி மட்டும்.

"ஆஸிகா," என்றார் மெதுவாக, "நீ அந்தத் தோட்டையே நினைச்சிட்டு ஈக்குறாய். யாராவது பகிடிக்கு எடுத்திருப்பாங்க. இல்லாட்டி..."

"இல்லாட்டி?"

அவர் போனை அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

அன்று முழுவதும் அவள் அந்த ஒற்றை வரியையே திறந்து திறந்து பார்த்தாள். மறுநாளும் அந்த இலக்கம் உயிர்பெறவில்லை. தான் பேசியது உயிருள்ள ஒருத்தியோடுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. வத்தளை என்ற ஊர்ப் பெயரும், பாண் வண்டியின் பாட்டும் மட்டும்தான் கையிலிருந்தன. கொண்டுபோய்க் காட்ட ஒன்றுமில்லை. ஆனால் மலையில் ஒருத்தி மம்பட்டியோடு நின்றாள். தான் சொன்ன ஒரு வார்த்தையால் அவள் தவறான இடத்தில் தோண்டுகிறாள் என்ற நினைப்பு ஆஸிகாவைச் சாப்பிட விடவில்லை.

"நான் தெல்தோட்டைக்குப் போகணும்" என்றாள் ஷப்ராஸிடம். "நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

ஷப்ராஸ் கடையைப் பூட்டினார். நண்பர் ஒருவரின் த்ரீவீலில் போனார்கள். ஹேவாஹெட்ட வீதியில் இன்னும் பாதி அகலத்துக்கு மண் கிடந்தது. பச்சைத் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, மலையின் தோலை உரித்தது போலச் சிவப்பு வடுக்கள் மேலிருந்து கீழே இறங்கின.

பள்ளிக்கூடத்தைச் சேரும்போது பின்னேரமாகிவிட்டது. கணேஸின் அம்மா பேச்சியம்மா வகுப்பறை வாசலில் உட்கார்ந்திருந்தார். சிறிய உருவம், முகத்தில் துக்கத்தைவிட ஒரு பொறுமைதான் தெரிந்தது. கணேஸ் கதிரை கொண்டுவந்து போட்டான். கொஞ்ச நேரத்தில் வேலாயி வந்தாள். மம்பட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழாயடியில் கால் மண்ணைக் கழுவினாள். அவள் கழுவி முடிக்கும் வரை ஆஸிகா காத்திருந்தாள்.

பிறகு இருவரிடமும் சொன்னாள். சுற்றி வளைக்காமல், கேட்டதைக் கேட்டபடி. தன்னிடம் சாட்சி எதுவும் இல்லை என்பதையும் சொன்னாள்.

கணேஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அந்த வார்த்தைய நான் சொன்னேன்" என்றான். "சொன்னேன். ஆமா, சொன்னேன்."

பேச்சியம்மா அழவில்லை. நம்பாதது போலவும் தெரியவில்லை. ஆஸிகாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வர்றது யாரு?" என்று கேட்டார்.

கணேஸ் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான்.

"சொல்லு தாயி. எம் மக வத்தளையில இருக்கான்னு சொல்ற. சரி, இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். இங்க தெனமும் வந்து இந்தப் படியில உக்காந்து தலை சீவுறாளே, அது யாரு?"

வேலாயி ஈரக் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டே பேச்சியம்மாவின் முன்னால் வந்து குந்தினாள்.

"மதினி, அது எந்தக் கையால சீவுது?"

பேச்சியம்மா யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டு, தன் கையைத் தூக்கித் தலையருகே கொண்டுபோனார். வலது கை. நிறுத்தினார். இறக்கினார். மற்றக் கையைத் தூக்கினார்.

"பீச்சாங்கையால" என்றார்.

சுதர்சினி வலக்கைக்காரி. தோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது வலது கையால்தான் முடியை ஒதுக்கினாள், ஆஸிகாவுக்கு நினைவிருந்தது. வேலாயியைப் பார்த்தாள்.

"எம் புள்ளைக்குப் பீச்சாங்கைதான்" என்றாள் வேலாயி. "கொழுந்து எடுக்கையில கங்காணி ஏசுவாரு. சோறு திங்கயில நான் அடிப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. "குழியில நானும் மூணு பிடி மண்ணு போட்டேன் மதினி. ஒம் மகளுக்குன்னு போட்டேன். போட்டுட்டு, எனக்கு இதுக்கும் குடுத்து வைக்கலியேன்னு ஒன்னையப் பாத்துப் பொறாமப்பட்டேன்."

பேச்சியம்மா அவள் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டார். வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோருடைய கண்களும் படியை நோக்கித் திரும்பின. மலையிலிருந்து இறங்கிய பனிப்புகை பள்ளிக்கூட முற்றத்தில் வந்து நின்றது. ஷப்ராஸ் ஆஸிகாவின் தோளைத் தொட்டு, போகலாம் என்று சைகை காட்டினார். இருட்டுமுன் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அன்று படிக்கு யாரும் வந்தார்களா என்று ஆஸிகா பிறகும் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் சுதர்சினி வந்து சேர்ந்தாள். அதைக் கணேஸ்தான் போனில் சொன்னான். பயத்தில் போனை அணைத்துவிட்டு நாலைந்து நாள் சாப்பிடாமல் கிடந்தவளை, கடைசியில் சுதேஷ்தான் வற்புறுத்திக் கூட்டி வந்திருக்கிறான். பஸ் தாமதமாகி, அவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்தது சரியாகப் பொழுது இறங்குகிற அந்த நேரம். உள்ளே போகத் துணிவு வராமல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா பாத்துச்சுக்கா. ஒண்ணும் சொல்லல. தெனமும் செய்ற மாதிரி தேத்தண்ணிய ஊத்திக் கொண்டுபோய்ப் பக்கத்துல வச்சிட்டுத் திரும்பிருச்சு. சுதா அந்தக் கோப்பைய எடுத்துக் குடிச்சா. அப்பத்தான் அம்மா கத்துனது. பள்ளிக்கூடமே எந்திரிச்சிருச்சு."

நீதிமன்ற உத்தரவு, குழியைத் திறந்தது, பரிசோதனை, பேர் மாற்றம் என்று அதன் பிறகான வேலைகள் மெதுவாக நடந்தன. சந்தேகம் எதுவும் மிச்சமிருக்கவில்லை. அங்கே கிடந்தது மேனகாதான். சுதர்சினி தன்னிடமிருந்த ஒற்றைத் தோட்டை மேனகாவின் மறு காதில் போட்டுவிடச் சொல்லிக் கொடுத்தாள். புதிதாக ஒன்று செய்து தரும்படி ஆஸிகாவிடம் அவள் கேட்கவே இல்லை. தாய் வீட்டாரோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓர் இரவுகூட அவள் தங்கவில்லை.

குழிமேட்டுப் பலகையில் பெயரை மாற்றிய நாளிலிருந்து பேச்சியம்மாவின் படிக்கு யாரும் வரவில்லை. "பேரு மாறிப்போனதால வீடு மாறி வந்திருக்கு. வழி தெரிஞ்சதும் போயிருச்சு" என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். வேலாயி கொஞ்ச நாள் மாலையில் தன் அறைப் படியில் போய்க் காத்திருந்தாள். அவளிடம் அது வரவில்லை.

இந்தக் கதை தோட்டம் தோட்டமாகப் பரவியது. பரவிய விதம் ஆஸிகா எதிர்பார்த்தது அல்ல. தெல்தோட்டையிலிருந்தும் ஹேவாஹெட்டயிலிருந்தும் பெண்கள் கட்டுகஸ்தோட்டைக்கு வரத் தொடங்கினார்கள். காதுப்புண் உள்ளவர்கள் இல்லை. கையில் குழந்தைகளோடு வந்தவர்கள். மண்ணுக்குள் கிடந்தாலும் அழியாத தோடு வேண்டும் என்றார்கள். அதன் முதுகில் பேர் வெட்டித் தர முடியுமா என்று கேட்டார்கள்.

முதலில் வந்தவளிடம் ஆஸிகா முடியாது என்றுதான் சொன்னாள். "இப்படி நினைச்சிட்டுக் குழந்தைக்கு நகை போடக் கூடாது புள்ள" என்றாள்.

"மழை வருமேக்கா" என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான் சொன்னாள்.

ஷப்ராஸிடம் நுண்ணிய துளையிடும் கருவி ஒன்று இருந்தது. நையோபியம் மென்மையான உலோகம். எழுத்துக்கு இடம் கொடுத்தது. சட்டை ஊசித் தலையளவு தகட்டில் பெயரை வெட்ட ஆஸிகா பழகிக்கொண்டாள். ஒவ்வொரு பெயரையும் வெட்டும்போது அது ஒருபோதும் படிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்று துஆச் செய்தாள்.

வெயில் காய்ந்த ஒரு காலையில் வேலாயி வந்தாள். கடை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தாள். தொங்கிப்போன, வெறுமையான காதுகள்.

"பேரு எழுதிக் குடுக்குறியாமே தாயி. எனக்கு ஒண்ணு வேணும்."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான். திரும்ப அதே மலைக்குக் கீழதான் வீடு குடுக்கப் போறாங்களாம். என்னையத் தேடுறதுக்கு இனி யாரு இருக்கா? யாராவது தற்செயலா எடுத்தாங்கன்னா, இன்னாருன்னு தெரியணும்ல. வேற யாரு குழியிலயாச்சும் போட்டுறக் கூடாது."

ஆஸிகா தகட்டை எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து, வேலாயி என்று மூன்று எழுத்தை வெட்டினாள். நிறம் ஏற்றட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், சாம்பலாகவே இருக்கட்டும் என்றாள் வேலாயி. ஆஸிகா தானே குனிந்து அவள் காதில் போட்டுவிட்டாள். கண்ணாடியை நீட்டியபோது வேலாயி அதை வாங்கவில்லை. விரலால் காது மடலின் பின்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"எழுத்து அழியாதுல்ல?"

"அழியாது."

"அப்ப சரி" என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தெல்தோட்டை பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.